பொரிச்சல் சத்தமும் நான்கு பக்கங்களும்

வணக்கம் சார்,

சாஃப்ட் மெஷின் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'தேர்ட்' ஆல்பத்தைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நண்பர் ஒருவர் பழைய இசைத்தட்டிலிருந்து கணினிக்கு மாற்றி வைத்திருந்ததை வாங்கிக் கேட்டேன். ஒரே பொரிச்சல், எல்லாம் மந்தமாக ஒலிக்கிறது. சிடி கிடைக்கும்போது இந்த வேலை எதற்கு? இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டு எடுத்துவிடலாமா? அப்புறம், இது ராக்கா, ஜாஸா? முக்கால்வாசி நேரம் யாரும் பாடுவதே இல்லையே.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மந்தத்துக்குத் தட்டின்மேல் பழி போடாதீர்கள். சிடியிலும் அது இருக்கும். 1970இல் சிபிஎஸ் இசை நிறுவனம் வெளியிட்ட இரட்டைத் தட்டு இது. முதல் பக்கம் முழுக்க 'ஃபேஸ்லிஃப்ட்'. அந்த ஜனவரியில் குராய்டனிலும் பர்மிங்ஹாமிலும் நடந்த இரண்டு கச்சேரிகளின் பதிவுகளை வெட்டி ஒட்டி, சில இடங்களில் டேப்பைத் தலைகீழாகவும் ஓட்டி உண்டாக்கியது. அந்தப் பதிவுகளே கொஞ்சம் தெளிவில்லாத, இருட்டடித்தவைதான். எந்தப் பதிப்பை வாங்கினாலும் அந்த இருட்டும் சேர்ந்துதான் வரும், எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

மென்பொருள் விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம். பொரிச்சலை நீக்கும் நிரல், ஒலியலையில் திடீரென்று எழும் கூர்மையான முனைகளைத் தேடி அவற்றைத் தட்டையாக்குகிறது. அதற்குத் தூசி எது, வாத்தியம் எது என்று தெரியாது. இந்த ஆல்பத்திலோ மைக் ராட்லெட்ஜ் தன் லோரி ஆர்கனை ஃபஸ் பெட்டி (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் கருவி) வழியாக அலறவிடுகிறார், ஹ்யூ ஹாப்பரின் பேஸ் கிட்டாரும் ஃபஸ்தான், மேலே எல்டன் டீனின் சாக்ஸஃபோன் வேறு. எல்லாமே முனைகள். (கட்டையிலிருந்து கையை எடுத்தால் ஆர்கன் ஊளையிட ஆரம்பித்துவிடும் என்பதால்தான் ராட்லெட்ஜ் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டே போவாராம்.) நிரலைக் கொஞ்சம் தாராளமாக ஓடவிட்டால் அந்த முரட்டுத்தனம் மழுங்கி, எல்லாம் பஞ்சு போர்த்திய மாதிரி ஆகிவிடும்.

தொடர்ந்து வரும் சர்ர்ர் சத்தத்தை நீக்குவது இன்னும் மோசம். நான்காம் பக்கத்தின் 'அவுட் ப்ளடி ரேஜியஸ்' ஏறக்குறைய நிசப்தத்திலிருந்து மெல்ல மேலே வருகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலியின் பாதிப்பில் செய்த டேப் சுழல்கள் (ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது), கீபோர்டின் சின்னச் சின்னத் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுகின்றன, சில நிமிடம் கழித்துத்தான் குழு உள்ளே வருகிறது. ஊசியின் சத்தமும் அந்தச் சுழல்களும் ஒரே ஒலியளவில் இருக்கும் கட்டம் அது. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போய்விடும். ஆகவே தட்டை நன்றாகக் கழுவுங்கள், ஊசி தேயாததாக இருக்கட்டும், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தர அளவில் பதிவு செய்து அப்படியே வையுங்கள். உறுத்தலான நாலைந்து பெரிய டிக்குகளை மட்டும் வேறொரு பிரதியில் கையால் திருத்திக்கொள்ளலாம்.

சிடி இருக்க இது எதற்கு என்றால், இந்த ஆல்பத்துக்கு உண்மையில் அவசியமில்லை. மூல டேப் தொலைந்துபோன ஆல்பங்களுக்குத்தான் தட்டு கடைசிக் கதி. வினைல் தட்டின் 'கதகதப்பு' பற்றிய பேச்சில் எனக்கு நம்பிக்கையும் கிடையாது. ஆனால் தட்டு ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது: பக்கம். நான்கு பக்கம், நான்கே உருப்படிகள், ஒவ்வொன்றும் 18, 19 நிமிடம். ஒரு பக்கத்தில் 20 நிமிடத்தைத் தாண்டிப் போகப் போக ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்க வேண்டும், ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும். இவர்கள் இசையமைத்ததே அந்த எல்லையோடுதான் என்று நினைக்கிறேன். சிடியில் ஒன்று முடிந்த கையோடு அடுத்தது வந்து நிற்கிறது. தட்டில் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும், அந்த இடைவெளி இல்லாவிட்டால் 'மூன் இன் ஜூன்' பாவம் நசுங்கிப்போகும்.

அது மூன்றாம் பக்கம், ஆல்பத்திலேயே பாட்டு உள்ள ஒரே பக்கம். முதல் பாதியில் டிரம்ஸ்காரரான ராபர்ட் வயட் தானே பாடி, அநேகமாக எல்லா வாத்தியத்தையும் தானே வாசிக்கிறார், மற்றவர்கள் பிறகுதான் சேர்கிறார்கள். கடைசியில் ராப் ஸ்பாலின் வயலின் கீறிக்கொண்டு வரும். ஊசி அப்போது தட்டின் உள்வட்டத்தில் இருக்கிறது. வெளிவிளிம்பில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் அளவுக்கு ஓடும் பள்ளம் அங்கே 20 சொச்சம்தான், கரகரப்பு கூடும் இடம். வயலினின் கீறல் எது, தட்டின் கீறல் எது என்று என்னால் இன்றுவரை பிரிக்க முடியவில்லை, சிடியைப் போட்டுப் பார்த்துத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ராக்கா ஜாஸா? இரண்டாம் பக்கத்தைக் கேட்டால் ஜாஸ், வயட் பாடும்போது ராக். ஜாஸ் பக்கம் சாயும் இந்தப் போக்கு அவருக்கு ஒத்துவரவில்லை, 1971இல் விலகிவிட்டார். 1970 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் ப்ராம்ஸ் (Proms) என்ற செவ்வியல் இசை விழாவில் இவர்கள் வாசித்தார்கள். புகைபிடிக்க வெளியே போன வயட்டைத் திரும்ப உள்ளே விட வாசல்காரர் மறுத்தாராம், இங்கே முறையான சங்கீதம் மட்டும்தான் நடக்கும் என்று.

சுத்தம் செய்யாத மூலக் கோப்பு உங்கள் நண்பரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை அழித்துவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.