லொறி குடிக்கிற தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: சீனன்குடாவிலிருந்து கண்டிக்குச் சீமெந்து ஏற்றும் பத்துச் சில்லு லொறி ஒன்று வைத்திருக்கிறேன். டீசல் எஞ்சின், காற்று பிரேக். மூன்று மாதமாக ரேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது. ஒருமுறை போய் வந்தால் ஒன்றரை லீற்றர் ஊற்ற வேண்டியிருக்கிறது. நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டும் இல்லை. கராஜில் முதலில் மூடியை மாற்றினார்கள், பிறகு ஹோஸ்களை, போன மாதம் ரேடியேற்றரையே மாற்றினார்கள். இப்போது குமிழி வருகிறது, ஹெட் கஸ்கட் (ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். விடலாமா? ரேடியேற்றர்க் காசைத் திருப்பிக் கேட்க முடியுமா?
— லொறி உரிமையாளர், திருகோணமலை

பதில்: இப்போதைக்குக் கழற்ற விடாதீர்கள். மூன்று சாமான் மாற்றியிருக்கிறார்கள், ஒரு சோதனையாவது செய்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

முதல் வேலை பிரஷர் சோதனை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும் (சூட்டோடு மூடியைத் திறந்து முகத்தை அவித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்). மூடி இருக்கும் இடத்தில் கைப் பம்பைப் பூட்டி, மூடியில் பொறித்திருக்கும் அளவுக்கு அடித்துவிட்டு, வண்டிக்குக் கீழே காட்போட் மட்டையை விரித்து இரவு முழுக்க விடச் சொல்லுங்கள். சில ஒழுக்குகள் எஞ்சின் குளிர்ந்து கிளிப் தளரும்போதுதான் வரும். வேறு சில, ஓடும்போது சூட்டில் ஆவியாகி, இணைப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கை மட்டும் விட்டுவிட்டுப் போகும். ரோச் அடித்து வோட்டர் பம்பின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

காலையில் பம்பின் அளவு முள் இறங்கியிருந்து மட்டை காய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. அதே கையோடு ஒயில் சம்பின் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) அடி நட்டை முழுதாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரம், இரவில் அடியில் தங்கியிருக்கும். முதலில் வருவது கறுப்பு ஒயிலா, நிறத் தண்ணீரா என்று உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கலாம். தண்ணீர் வந்தால் லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை) ஓ-ரிங், ஒயில் கூலர், ஹெட் இவற்றில் ஒன்றில் சந்தேகம். அதைத் தீர்க்கும்வரை லொறியை ஓட்ட வேண்டாம், பேரிங் போய்விடும்.

இனிக் குமிழி. குமிழி வந்தால் ஹெட் கஸ்கட் என்று சொல்வது பல கராஜ்களில் பழக்கமாகிவிட்டது. உங்களுடையது காற்று பிரேக் வண்டி. அதன் பிரேக்குக்குக் காற்றடிக்கும் எயார் கொம்பிரஸரும் பெரும்பாலும் எஞ்சின் தண்ணீரிலேயே குளிர்கிறது. கொம்பிரஸர் ஹெட்டில் வெடிப்பு விழுந்தால் காற்று தண்ணீருக்குள் நுழைந்து குமிழி கிளப்பும், மேல் போத்தலால் தண்ணீரை வெளியே தள்ளும். தண்ணீர் மறுபக்கம் போனால் பிரேக் காற்றோடு கலந்து காற்று டாங்கிக்குப் போய்ச் சேரும். கீழே சொட்டு எப்படி விழும்?

பிரித்தறியக் காசு தேவையில்லை. காலையில் காற்று டாங்கியின் வடிகால் வால்வைத் திறந்து, வருவதை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். கொஞ்சம் தண்ணீரும் ஒயில் கசடும் வருவது சாதாரணம். ரேடியேற்றர்த் தண்ணீரில் கலக்கும் கூலன்டின் நிறமும் வழுவழுப்பும் இருந்தால் அகப்பட்டது. பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் குமிழியைக் கவனியுங்கள். டாங்கி நிரம்பிக் கொம்பிரஸர் ‘புஸ்’ என்று விட்டதும் குமிழி அடங்கினால் குற்றவாளி கொம்பிரஸர்தான். அடங்காமல் வந்தால், குமிழிக் காற்றை நீலத் திரவத்தினூடாக இழுக்கும் புகைச் சோதனையைக் கேளுங்கள். எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். டீசலில் சும்மா ஐட்லில் வைத்துச் செய்தால் ஏமாற்றும், பலகடுவ ஏற்றம் மாதிரி ஒன்றில் பாரத்தோடு ஏறிய பிறகு செய்ய வேண்டும். நிறம் மாறினால் அப்போது ஹெட்டைக் கழற்றுங்கள், நானே சொல்கிறேன்.

உங்கள் எஞ்சினில் ஈ.ஜி.ஆர். கூலர் (புகையில் ஒரு பங்கை ஆறவைத்து மறுபடி எஞ்சினுக்குள் விடும் பாகம்) இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். அதில் வெடிப்பு விழுந்தால் தண்ணீர் புகையோடு சைலன்சரால் போய்விடும், சம்பிலும் தெரியாது, கீழேயும் தெரியாது. காலையில் வெள்ளைப் புகை நெடுநேரம் அடங்காமல், இனிப்பான மணத்தோடு வந்தால் அதைத் தனியாகக் கழற்றிப் பிரஷர் அடித்துப் பார்க்கலாம்.

காசு விஷயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வேலை செய்து மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி 1977. போன மாதத்து வேலை என்பதால் உங்களுக்கு நாள் இருக்கிறது. ஆனால் புது ரேடியேற்றர் பழுதில்லையே. “இதை மாற்றினால் சரியாகும்” என்று அவர்கள் எழுதித் தந்த துண்டோ பில்லோ இல்லாவிட்டால் வழக்கு நொண்டும். பழைய ரேடியேற்றர் எங்கே? அதைக் கேட்டு வாங்கி, வேறொரு ரேடியேற்றர்க் கடையில் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடிக்கச் சொல்லுங்கள். ஒழுக்கு இல்லை என்றால், பேரம் பேச உங்களிடம் ஒன்று இருக்கிறது.

கேள்வி: கூலன்ட் விலை கூட. கிணற்றுத் தண்ணீரே ஊற்றினால் என்ன? — கிண்ணியா வாசகர்

பதில்: ஊற்றாதீர்கள். கடற்கரையோரக் கிணறுகளின் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படியும். பெரிய டீசல்களில் ஈரலைனர் (வெளிப்புறம் தண்ணீரில் நிற்கும் லைனர்) அதிர்கிறபோது கிளம்பும் நுண்குமிழிகள் லைனரின் வெளிப்புறத்தைக் கொத்தி ஊசித் துளை போடும். அதைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. நிறத்தை நம்பாதீர்கள், எஞ்சின் கைநூலில் சொன்ன வகையைப் போத்தல் லேபலில் தேடி வாங்குங்கள். ஒழுக்கடைக்கும் தூளை மட்டும் யார் தந்தாலும் போடாதீர்கள், ஒயில் கூலரின் நுண்வழிகள் அடைபட்டுப்போகும்.