சுற்றுநிருபம் நம் வாசலுக்கு வருமா? திருகோணமலைப் பராமரிப்பு இல்லப் பொறுப்பாளர்களின் கேள்விகள்

முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் இல்லம், சிறிய தனியார் சிகிச்சை நிலையம் நடத்துபவர்கள் சென்ற மாதம் உப்புவெளியில் கூடினோம். அரசாங்கத்தின் புதிய அறிவித்தல்களைப் பற்றித்தான் பேச்சு. கையெழுத்தில் வந்த கேள்விச் சீட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. நேரம் போதாமல் பாதிக்குத்தான் அங்கே பதில் சொன்னேன். மீதியில் எல்லோருக்கும் பயன்படும் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகத்தைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஒரு இல்லப் பொறுப்பாளர்: அக்கா, புதுக் கொள்கை வந்துவிட்டது என்று முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் தினமும் ஏதாவது வருகிறது. எதை நம்பி நடைமுறைப்படுத்துவது?

தம்பி, முதலில் எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அமைச்சர் மேடையில் சொல்வது அறிவிப்பு. அமைச்சரவை அங்கீகாரம் அடுத்த படி. பாராளுமன்றத்தில் வைப்பது சட்டமூலம், சபாநாயகர் சான்றுரை இட்டால்தான் அது சட்டம். அப்புறமும் சில சட்டங்கள் அமைச்சர் வர்த்தமானியில் ஒரு திகதி குறிக்கும் வரைக்கும் நடைமுறைக்கு வராது. கடைசியாகத்தான் அமைச்சோ மாகாணமோ சுற்றுநிருபம், அதாவது அதை எப்படிச் செய்வது என்ற அறிவுறுத்தல் கடிதம், போடும். எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் மூன்று விஷயம் பாருங்கள்: இலக்கம், வெளியிட்ட திகதி, அமுலுக்கு வரும் திகதி. பின்னவை இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

எனக்கு ஒருமுறை வட்ஸ்அப்பில் ஒரு சுற்றுநிருபத்தின் படம் வந்தது. மேல் பாதி மட்டும்தான் இருந்தது. அனுப்பியவரின் பெருவிரல் இலக்கத்தை மறைத்திருந்தது. அதை நம்பி இரண்டு வாரம் புதுப் படிவத்தில் பதிவு எழுதினோம். முழுத் தாள் கிடைத்தபோது பார்த்தால், அது அரச வைத்தியசாலை விடுதிகளுக்கு மட்டும் உரியது. எழுதிய பக்கங்களை எல்லாம் மறுபடி பழைய பதிவேட்டுக்கு மாற்ற நான்கு இரவு போனது.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ளுங்கள். சுகாதாரம் 1987 இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தோடு மாகாணத்துக்கும் வந்த விடயம். கொழும்பு அமைச்சின் கடிதம் கிழக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு வரும். அங்கிருந்து பிராந்தியப் பணிமனைகளுக்குப் போகும். கிழக்கில் மூன்று மாவட்டம் என்றாலும் பிராந்தியங்கள் நான்கு: திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, கல்முனை. அப்புறம் வைத்தியசாலைகளுக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கும். இந்த விநியோகப் பட்டியலில் நம்மைப் போன்ற தொண்டு இல்லங்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை, பட்டியல் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அதனால் நாம்தான் போய்க் கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை, பொதுமக்கள் தினத்தில், ஒருவர் பிரதேச செயலகத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் போய் "எங்களுக்குப் பொருந்தும் புதிய தாள் ஏதும் உண்டா" என்று கேட்டு, போட்டோக் கொப்பி வாங்கி, ஒரே கோவையில் திகதி வரிசையில் போடுங்கள். செலவு பஸ் காசும் கொப்பிக் காசும்தான்.

உப்புவெளியிலிருந்து: எங்களிடம் ஆறு பராமரிப்பாளர்கள் வேலை செய்கிறார்கள். ஆகக்குறைந்த சம்பளம் கூடிவிட்டது என்கிறார்கள். உண்மையா?

உண்மை. 2016ஆம் ஆண்டு 3ஆம் இலக்க ஆகக்குறைந்த வேதனச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரல் 1 இலிருந்து மாதம் 27,000 ரூபாய், 2026 ஜனவரி 1 இலிருந்து 30,000 ரூபாய். முன்பு அடிப்படை 17,500 ஆகவும் அதன்மேல் நிவாரணக் கொடுப்பனவுகள் தனியாகவும் இருந்தன. 2025 பெப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னார்கள், சட்டத் திருத்தம் பிறகுதான் வந்தது. அந்த இடைவெளியில் பலர் "சட்டம் வரட்டும்" என்று இருந்துவிட்டு, நிலுவையைக் கணக்குப் பார்த்தபோது திணறினார்கள்.

சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்கிறோமே, அதைக் கழித்துக்கொள்ளலாமா என்று அன்று ஒருவர் கேட்டார். நீங்களாக முடிவெடுத்துக் கழிக்காதீர்கள். தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்தில் எழுத்தில் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் ஊழியரிடம் 8 வீதம், நீங்கள் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம் என்பதையும் புதுத் தொகையில் மறுபடி கணக்கிடுங்கள். இரவு முழுக்க ஒரு கிழவியின் பக்கத்தில் விழித்திருக்கும் பிள்ளைக்கு இது பெரிய தொகை இல்லை. நன்கொடையாளரிடம் அரிசி கேட்பதைப்போல சம்பளத்துக்கும் கேட்கப் பழக வேண்டும். எனக்கும் அது கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் கேட்டபோது கொடுத்தார்கள்.

மூதூரிலிருந்து ஒரு சகோதரி: எங்கள் இல்லத்தில் 74 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். கொடுப்பனவு கூடியதாகச் சொல்கிறார்கள், அவருக்கு ஒன்றும் வரவில்லை.

தொகையை முதலில் சொல்கிறேன். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும தொடங்கியது 2023 ஜூலையில், அடித்தளச் சட்டம் 2002 இன் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம். 2025 இல் முதியோர் கொடுப்பனவு 3,000 இலிருந்து 5,000 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் 7,500 இலிருந்து 10,000. அதி வறிய குடும்பத்துக்கு 15,000 இலிருந்து 17,500, வறிய குடும்பத்துக்கு 8,500 இலிருந்து 10,000.

ஆனால் தொகை கூடியதும் பணம் தானாக வந்து விழாது. அஸ்வெசும குடும்ப அடிப்படையில் பதிவது. அந்த அம்மா எந்தக் குடும்பத்தோடு பதியப்பட்டிருக்கிறார் என்று பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவில் கேளுங்கள். மகன் வீட்டு முகவரியில் இருந்தால் பணம் வேறு கணக்குக்குப் போயிருக்கவும் கூடும். அப்புறம் வங்கிப் புத்தகம். எங்கள் இல்லத்தில் ஒரு ஆச்சி தன் புத்தகத்தைத் தலையணை உறைக்குள் பொலித்தீன் சுற்றி வைத்திருந்தார். திறந்து பார்த்தால் அடையாள அட்டையில் ஒரு பெயர், புத்தகத்தில் ஒரு எழுத்துக் கூடுதலாக இன்னொரு பெயர். அந்த ஒரு எழுத்துக்காக ஏழு மாதம் காசு நின்றது. கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு ஆச்சியை முச்சக்கரவண்டியில் ஏற்றிப்போய்த் திருத்தினோம். வங்கியில் கதிரை ஒன்று போட்டு அவரை முதலில் கூப்பிட்டார்கள். அந்த அன்பை இன்றும் நினைக்கிறேன். உங்கள் இல்லத்தில் எல்லோருடைய அட்டையையும் புத்தகத்தையும் ஒரு நாள் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: வந்த கடிதம் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது. கேட்டால் "மொழிபெயர்ப்பு இல்லை" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் கேட்பது உங்கள் உரிமை. பணிவாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் பதிலும் வாயாலேயே முடிந்துவிடும்.

தாளையே தர மறுத்தால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் உண்டு. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஒருவரின் உயிரோடு தொடர்புள்ள தகவல் என்றால் 48 மணித்தியாலம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக முதல் நாளே அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நாளைக்கும் அதே உத்தியோகத்தரிடம்தான் போகப்போகிறோம்.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: இன்சுலின் ஊசிகளைக் குப்பையோடு போடலாமா?

கூடவே கூடாது. கூரானவைக்குச் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் நிறக் கெட்டிப் பெட்டி, தொற்றுள்ள துணி, பஞ்சுக்கு மஞ்சள் பை. நிரம்பியதும் பக்கத்து வைத்தியசாலையோடு பேசி ஒப்படைக்கும் ஒழுங்கைச் செய்யுங்கள், பொதுச் சுகாதார பரிசோதகர் வழி காட்டுவார். குப்பை வண்டியில் வருகிறவர் வெறுங்கையால்தான் பையைத் தூக்குகிறார்.

அலஸ்தோட்டத்திலிருந்து: பிறந்தநாளுக்குச் சாப்பாடு கொடுப்பவர்கள் முதியவர்களோடு படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். புதுச் சட்டத்தில் இது பிழையா?

2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கேட்கிறீர்கள். அதில் உடல்நலத் தகவல் விசேட வகைத் தரவு. முழுமையாக நடைமுறைக்கு வரும் திகதி தள்ளிப்போனது, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நோயின் பெயர், மருந்து அட்டை, கட்டில் தலைமாட்டில் தொங்கும் தாள், இவை எதுவும் படத்தில் விழக்கூடாது.

சட்டத்தை விடுங்கள். ஒருமுறை ஒரு ஐயா சாப்பாட்டுப் பொதியைக் கையில் வாங்கி, படம் எடுக்கும் வரைக்கும் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நடுங்கியது. ஒரு காலத்தில் துறைமுகத்தில் நாற்பது பேரை மேய்த்த மனிதர். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அடுத்த வாரமே வாசலில் எழுதிப் போட்டோம்: படம் எடுப்பதென்றால் சமையலறையையும் சாப்பாட்டையும் எடுங்கள், இங்கே இருப்பவர்களை அவர்கள் விரும்பினால் மட்டும். ஒரு நன்கொடையாளர் கோபித்துக்கொண்டு வராமல் விட்டார். மற்றவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நிலாவெளியிலிருந்து: முதியோர் இல்லம் என்று பதிந்தால் போதுமா? ஒரு வைத்தியரை வைத்து வெளிநோயாளரையும் பார்க்க நினைக்கிறோம்.

போதாது. இல்லத்துக்கு 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். சிகிச்சை நிலையம் என்று ஆரம்பித்தால் 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம். அந்தப் பதிவை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், மாகாண சுகாதாரப் பணிமனை ஊடாகப் போகும். பெயர்ப்பலகை அடிக்கும் முன்னே இதைச் செய்யுங்கள்.

வெருகலிலிருந்து: மகன் தாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். தொலைபேசி வேலை செய்யவில்லை. மூன்று மாதமாகிறது.

அதே 2000ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று கைவிடக்கூடாது என்கிறது. பராமரிப்புச் சபை என்று ஒன்று அதில் உண்டு, பிள்ளையிடமிருந்து மாதப் பராமரிப்புத் தொகை கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம். அந்தப் பாதைக்குப் போகும் முன் உங்கள் பிரதேச செயலகத்து முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். மகனின் ஊர்க் கிராம உத்தியோகத்தர் மூலம் ஆளைத் தேட அவர் உதவுவார்.

ஆனால் விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பது அந்தத் தாயின் முடிவு. அவருக்குத் தெரியாமல் எதுவும் எழுத வேண்டாம். பின்னேரம் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேளுங்கள். எங்களிடம் இருந்த ஒரு அம்மா "என்ரை பிள்ளையைக் கோட்டுக்கு இழுக்காதேங்கோ" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாங்கள் அந்தப் படிவத்தை நிரப்பவில்லை. கிராம உத்தியோகத்தர் மகனைக் கண்டுபிடித்தார். கடலுக்குப் போய்க் கால் உடைந்து படுக்கையில் கிடந்தார். தாயை வாகனம் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம்.