எழுப்புதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் ‘ரிவைவல்’ நாவல் குறித்து ஒரு வழக்கை உங்களிடம் கொண்டுவருகிறேன். நாங்கள் ஒன்பது பேர் மாதம் ஒரு நாவல் படித்துப் பேசுகிறோம். சென்ற மாதம் இதைப் படிக்கச் சொன்னது நான்தான். ஆறு பேருக்குப் பிடிக்கவில்லை. “முந்நூறு பக்கத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை, கடைசியில் எறும்பு வருகிறது” என்றார் ஒருவர். முடிவு முழுக்கப் பழைய திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டிடம் வாங்கிய கடன் என்றார் இன்னொருவர். நானும் மற்ற இரண்டு பேரும் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில், “இது திகில் நாவலே இல்லை, துக்கத்தைப் பற்றிய நாவல், அப்படிப் படித்துப் பாருங்கள்” என்றேன். அதற்கும் யாரும் மசியவில்லை.

என் தம்பி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவன் போன மூன்றாவது மாதம் இதைப் படித்தேன். செத்த பிறகு நரகத்தைவிடக் கொடிய ஒன்று காத்திருக்கிறது என்று சொல்லும் கதை எனக்கு எப்படி ஆறுதலாக இருந்தது என்று எனக்கே விளங்கவில்லை. “நீ நாவலைப் படிக்கவில்லை, உன் தம்பியைப் படித்திருக்கிறாய்” என்கிறாள் ஒரு தோழி. அப்படித்தானா? அம்மா வேறு, ராத்திரியெல்லாம் அப்படி என்ன படித்தாய், எனக்கும் சொல் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சொல்லலாமா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

முதலில் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நாவலின் முடிவைத் தொடாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. படிக்க நினைத்திருப்பவர்கள் படித்துவிட்டு வரட்டும்.

‘ரிவைவல்’ 2014 நவம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு படித்தபோது உங்கள் ஆறு நண்பர்கள் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். நகரவே மாட்டேன் என்கிறது, முடிவு ஒட்டவில்லை. எடுத்து வைத்துவிட்டேன். மறுபடி எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நெருங்கிய நண்பர் ஒருவரின் மகள் சிறுவயதிலேயே இறந்துபோனாள். ஒரு மாதம் நாங்களெல்லாம் போய் அவரோடு உட்கார்ந்திருந்தோம். பிறகு வாரம் ஒருமுறை, பிறகு தொலைபேசியில், பிறகு அதுவும் நின்றது. அவரவருக்கு அவரவர் பாடு. பதினோரு ஆண்டு கழித்துத் தற்செயலாக அவரைப் பார்த்தேன். பேச்சு மகள் பக்கம் திரும்பியதும், போன வாரம் நடந்ததைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் அவரை விட்டுவிட்டு வந்தோமோ அதே இடத்தில் இருந்தார். அன்றிரவு எனக்கு நினைவில் வந்தவர் இந்த நாவலில் வரும் போதகர் சார்லஸ் ஜேக்கப்ஸ்.

கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1962, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹார்லோ என்ற சிற்றூர். ஆறு வயது ஜேமி மார்ட்டன் பொம்மைச் சிப்பாய்களை வைத்து மண்ணில் விளையாடிக்கொண்டிருக்கிறான். அவன்மேல் ஒரு நிழல் விழுகிறது. ஊருக்கு வந்திருக்கும் புதிய போதகர். மின்சாரத்தின் மேல் தீராத பித்து கொண்ட இளைஞர். ஏசு ஏரிமேல் நடந்து போகும் மின்சாரப் பொம்மை ஒன்று செய்து வைத்திருக்கிறார். தொண்டையில் அடிபட்டுப் பேச்சிழந்த ஜேமியின் அண்ணனுக்குத் தன் கருவியால் குரலை மீட்டுத் தருகிறார். 1965இல் அவருடைய மனைவி பாட்ஸியும் சின்னப் பையன் மோரியும் சாலை விபத்தில் சாகிறார்கள். வண்டியோட்டி வந்த விவசாயிக்கு அந்த நேரம் பார்த்து வலிப்பு வந்தது, வேறு காரணமே கிடையாது. அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேக்கப்ஸ் பிரசங்க மேடையேறுகிறார். வருடக்கணக்கில் தவணை கட்டிவிட்டு, தேவைப்படும்போது போய்க் கேட்டால் அப்படியொரு நிறுவனமே இல்லை என்று தெரியவரும் காப்பீட்டு மோசடிதான் மதம் என்கிறார். வேலை போகிறது, ஊரை விட்டுப் போகிறார்.

இந்த இடத்திலிருந்துதான் உங்கள் நண்பர்களுக்கு அலுப்புத் தட்டியிருக்கும். நாவல் அவரை விட்டுவிடுகிறது. ஜேமி கிட்டார் கற்கிறான், ஆஸ்ட்ரிட்டைக் காதலிக்கிறான், குழு குழுவாக மாறி வாசிக்கிறான், ஹெராயினில் விழுகிறான். வாசகருக்கும் ஜேக்கப்ஸ் மெல்ல மறந்துபோகிறார். 1992இல் டல்ஸா நகரத்துப் பொருட்காட்சியில் மின்னலால் படம் பிடித்துக் காட்டும் வித்தைக்காரராக அவர் திரும்பவும் எதிரே வந்து நிற்கும்போது இருபத்தேழு ஆண்டு ஓடியிருக்கிறது. இவ்வளவு காலம் இந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? ஜேமியும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவரை உலகம் எப்படிக் கைவிடுகிறது என்பதை விளக்காமல், நம்மையே அப்படிக் கைவிட வைத்துவிடுகிறார் கிங். ஜேக்கப்ஸ் கண்ணில் படாதிருக்கும் அந்தப் பக்கங்களில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. “ஒன்றும் நடக்கவில்லை” என்று உங்கள் நண்பர் சொன்னாரே, என் நண்பருக்கு நான் செய்ததும் அதுதான். ஒன்றும் செய்யவில்லை.

கிங்கின் ‘பெட் செமட்டரி’ (1983) இதே துயரத்தைப் பேசும் நாவல், அதற்கு இந்தக் குறை யாரும் சொல்வதில்லை. சாலையை நோக்கி ஓடிய தன் சின்ன மகனைக் கடைசி நொடியில் பிடித்த அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது. எழுதி முடித்ததும் தாங்க முடியாத இருட்டு என்று அவரே அதைத் தூக்கி வைத்திருந்தார். அதில் தகப்பனின் துக்கம் கொதிநிலையில் இருக்கிறது. பிள்ளை போன சில நாட்களிலேயே அவன் செய்யக்கூடாததைச் செய்துவிடுகிறான். ‘ரிவைவல்’ காட்டுவது ஆறிப்போன துக்கம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆறியது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதை வேகமாகச் சொல்ல வழியே இல்லை.

இனி உங்களோடு ஒரு சண்டை. “இது திகில் நாவலே இல்லை” என்று சொன்னீர்களே, அந்த இடத்தில் நீங்களே உங்கள் கட்சியை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். திகில் என்றால் மட்டம், துக்கம் என்றால் உயர்வு என்ற கணக்கை எதிராளியிடமிருந்து வாங்கிக்கொண்டு வாதாடியிருக்கிறீர்கள். இந்த வகை எழுத்து பிறந்ததே துக்கத்தின் மடியில். மேரி ஷெல்லிக்கு 1815இல் குறைப்பிரசவத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, சில நாட்களில் இறந்தது. அப்போது அவருக்குப் பதினேழு வயது. மார்ச் 19ஆம் தேதி நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதி வைத்திருக்கிறார்: குழந்தை சாகவில்லை, குளிர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான், நெருப்பருகே வைத்துத் தேய்த்தோம், உயிர் வந்துவிட்டது. கண் விழித்தால் குழந்தை இல்லை. 1818இல், உயிரற்ற உடலுக்கு உயிரூட்டும் கதையான அவருடைய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வெளிவருகிறது. அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பு, 1803இல், லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் இத்தாலிய விஞ்ஞானி ஜியோவன்னி ஆல்டினி மின்சாரம் பாய்ச்சிக் காட்டியிருந்தார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது. கனவில் நெருப்பு, அறிவியலில் மின்சாரம். ‘ரிவைவல்’ நாவலின் சமர்ப்பணத்தில், தன் வீட்டைக் கட்டியவர்கள் என்று கிங் வரிசைப்படுத்தும் பெயர்களில் முதல் பெயர் மேரி ஷெல்லி. ஜேக்கப்ஸ் கையிலிருக்கும் மின்சாரம் அங்கிருந்து வருகிறது.

நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. இறந்தவரை நினைத்து வருந்திப் பாடும் துறைக்குப் புறநானூற்றில் கையறுநிலை என்று பெயர். கை அற்றுப்போன நிலை. செய்வதற்கு ஏதுமில்லை, பாடத்தான் முடியும். பாரியை இழந்த பெண்கள் பாடியது அதைத்தான். ஜேக்கப்ஸ் இந்த நிலையை ஏற்க மறுப்பவர். அவருடைய கை ஓய்வதே இல்லை. ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்குகிறார், பணம் சேர்க்கிறார், அவ்வளவும், இறந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்க்கும் ஒரே ஒரு சோதனைக்காக. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இப்படிப்பட்ட கூட்டத்தை எழுப்புதல் கூட்டம் என்பார்கள். மரித்தவரை எழுப்புவதும் எழுப்புதல்தான். ‘ரிவைவல்’ என்ற தலைப்பிலுள்ள இரண்டு பொருளும் நம் சொல்லில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

அந்தச் சோதனையில் இறந்த பெண்ணொருத்தியின் வழியாக ஜேமி பார்ப்பது: இறந்தவர்கள் எல்லோரும், நல்லவர் கெட்டவர் என்றில்லாமல், நிர்வாணமாக வரிசையில் நடக்கிறார்கள், எறும்பு போன்ற உயிர்கள் அவர்களை விரட்டுகின்றன. அந்த எறும்பைப் பார்த்து உங்கள் நண்பர் சிரிக்கலாம். வரிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப்பார்த்தால் சிரிப்பு வராது. எல்லோரும் அங்கே என்றால் பாட்ஸியும் அங்கே. சின்னப் பையன் மோரியும் அங்கே. ஜேமியின் அம்மாவும், அக்கா கிளேரும் அங்கே. ‘என் பெண்டாட்டி பிள்ளை எங்கே போனார்கள்’ என்று ஐம்பது ஆண்டு கேட்ட மனிதருக்கு வந்து சேர்ந்த பதில் அது. அது கிடைத்த இடத்திலேயே அவர் உயிரும் போகிறது. ஜேமியோ சாகப் பயந்து உயிரோடிருக்கிறான்.

நடப்பியல் நாவலால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். கேட்டுவிட்டு ஜன்னலையும் மழையையும் காட்டி முடித்துக்கொள்ளும். திகில் கதைக்கு அந்தச் சலுகை இல்லை. அது கதவைத் திறந்தே ஆக வேண்டும், உள்ளே இருப்பதைக் காட்டியே ஆக வேண்டும். அதனால்தான் எனக்கு இந்த வகையின் மேல் இவ்வளவு மரியாதை.

உங்களுக்கு ஆறுதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். தம்பி போனபோது எத்தனை பேர் “நல்ல இடத்துக்குத்தான் போயிருப்பான்” என்று சொல்லியிருப்பார்கள்? அன்போடு சொன்னவர்கள்தான். ஆனால் அந்த வாக்கியம் கேள்வியை மூடிவிடுகிறது, அதற்குமேல் நீங்கள் கேட்க முடியாது. அவன் எங்கே என்ற உங்கள் கேள்வியை, நீங்கள் கேட்ட அதே பசியோடு கேட்கும் ஒருவரை மூன்றாவது மாதத்தில் ஒரு புத்தகத்துக்குள் கண்டிருக்கிறீர்கள். அவருக்குக் கிடைத்த பதிலை நீங்கள் நம்பவில்லை, நம்பவும் வேண்டாம். அந்தக் கேள்வியோடு இன்னொருவர் இருந்தார், அது போதுமானதாக இருந்திருக்கிறது. தோழி சொன்னது பாதி சரி. நீங்கள் தம்பியைத்தான் படித்தீர்கள். அதற்கு இடம் வைத்துத்தான் இந்த நாவல் எழுதப்பட்டிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. குணமானவர்களுக்குப் பின்னால் என்ன ஆனது என்று தேடிப்போகும் நடுப்பகுதி வெறும் தகவலாக வறண்டு கிடக்கிறது. திகில் எழுத்தாளர் ராபர்ட் பிளாக் தன் கதைக்காகக் கற்பனை செய்து, லவ்கிராஃப்ட்டும் எடுத்தாண்ட ரகசிய நூல் ஒன்று இந்த நாவலிலும் வருகிறது. அது இங்கே தேவையே இல்லை; ஜேக்கப்ஸின் துக்கமே போதிய காரணம். அடுத்த கூட்டத்தில் இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு அந்த இருபத்தேழு ஆண்டைப் பற்றிக் கேளுங்கள்.

அம்மாவிடம் புத்தகத்தை இப்போது கொடுக்க வேண்டாம். பெற்ற பிள்ளையை இழந்தவருக்கு அந்த வரிசையைக் காட்டும் உரிமை நமக்கில்லை. ஆனால் கேட்கிறார்கள் என்றால் சும்மாவும் இருக்காதீர்கள். ஒரு பையன் மண்ணைக் குவித்து மலை கட்டி விளையாடுகிறான், ஒரு பெரியவர் வந்து அவனோடு மண்ணில் மண்டியிடுகிறார், அந்தத் தொடக்கத்தை மட்டும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். தம்பி எதை வைத்து விளையாடினான் என்று அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்.