வேலையை விட்டுவிட்டு யோசிப்பதா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா. வயது 34. சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. மொத்தம் 11 வருட அனுபவம், இந்த நிறுவனத்தில் நாலேகால் வருடம். புது மேனேஜர் வந்ததிலிருந்து நிம்மதி இல்லை, ஆட்குறைப்புப் பேச்சு வேறு. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான்தான் வேலை சொல்லிக்கொடுக்கிறேன், அது ஒன்றுதான் ஆறுதல். கூடப் படித்தவன் கனடா போய்விட்டான். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் என்னைப் பற்றி யோசித்து, பிறகு ஆசிரியர் வேலைக்குப் போகலாமா என்று நினைக்கிறேன். விட்டுவிட்டு யோசிப்பதா, இருந்துகொண்டே தேடுவதா? தன்னை அறிய உதவும் புத்தகம் ஏதாவது உண்டா?

ர., பெருங்குடி

அன்புள்ள ர.,

எங்கள் வீட்டிலும் உங்கள் வயதுக்காரன் ஒருவன் இதே கேள்வியோடு சுற்றிக்கொண்டிருக்கிறான். சில நாட்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கடுமையாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விட்டுவிட்டு யோசிக்காதீர்கள். சம்பளம் நின்ற மூன்றாவது மாதம் யோசனை வராது, பயம்தான் வரும், அந்தப் பயத்தில் கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மேனேஜரின் கீழ் போய் உட்காருவீர்கள். ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வரும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கு, பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு ஏன் விடவேண்டும்? பி.எஃப். பணத்திலும் கை வைக்காதீர்கள். கனடா நண்பரை விடுங்கள், அவருக்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை. புத்தகமும் இப்போதைக்கு வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். உங்கள் கடிதத்தில் மேனேஜர் வருகிறார், ஆட்குறைப்பு வருகிறது, அடுத்தவனின் கனடா வருகிறது. காலையில் போய் உட்கார்ந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லையே! 11 வருடம் செய்த வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா? வேலை பிடிக்கவில்லையா, அந்த ஆளைப் பிடிக்கவில்லையா என்பதுகூட எனக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

என் சித்தப்பா மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர், அதாவது அச்செழுத்துக் கோர்ப்பவர். இடது கையில் ஸ்டிக் என்கிற கோர்க்கும் சட்டம், வலது கையால் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கோர்ப்பார், எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும், அவருக்கு அது பழக்கம். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, றா எல்லாம் வடிவம் மாறியபோது கை போகிற இடத்தையே மாற்றிப் பழகிக்கொண்டவர். தொண்ணூறுகளில் ஆஃப்செட் அச்சும், கம்ப்யூட்டரிலேயே பக்கம் அமைக்கிற டி.டி.பி.யும் வந்து அச்சகத்தை மூடிவிட்டார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆட்டோ ஓட்டு, மளிகைக் கடை போடு, டைப்பிங் படித்துக் கம்ப்யூட்டரில் உட்கார். மனிதர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. என்னுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்து, அச்சகத்தில் ஒரு நாளில் என்னென்ன செய்வோம் என்று எழுத ஆரம்பித்தார். கோர்ப்பது, பக்கம் கட்டுவது, பிழை பார்க்க புரூஃப் எடுப்பது, திருத்துவது, அச்சானபின் எழுத்துகளைப் பிரித்துக் கேஸில் போடுவது, கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் பேசுவது. எழுதி முடித்துவிட்டு, இதில் எதை முதலாளி சொல்லாமலே செய்தேன் என்று பார்த்தார்.

அவர் கேஸ் பக்கத்தில் எப்போதும் ஒரு பஞ்சாங்கம் இருக்கும். கல்யாணப் பத்திரிகை வந்தால் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் கோர்க்கமாட்டார். அதற்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. தவறு இருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வருவார். கோர்க்கிற வேலை அற்றுப்போனாலும் பிழை பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தார். முதலில் சம்பளம் குறைவுதான், சித்திக்கு வருத்தம்தான். கண் தெரிகிறவரை அந்த வேலையைச் செய்தார்.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன், திரும்பத் திரும்பக் கேட்பேன். ஒரு மூன்று வாரம், வீட்டுக்கு வந்ததும், அன்று என்ன செய்தேன் என்று எழுதுங்கள். மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக்கூடாது. 'மீட்டிங்' என்று எழுதினால் போதாது, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும். எந்த வேலையைத் தள்ளிப்போட்டீர்கள், எதை யாரும் கேட்காமல் செய்தீர்கள், எதைச் செய்யும்போது சாப்பிடப் போக மறந்தீர்கள்? டெஸ்டிங்கும் பிழை பார்க்கிற வேலைதானே, ஒரு பிழையைப் பிடிக்கும்போது இன்னும் சந்தோஷம் வருகிறதா? அதைப் பார்க்காமல் 'என்னைப் பற்றி யோசிக்கப் போகிறேன்' என்று ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தால் எதை யோசிப்பீர்கள்?

சொல்லிக்கொடுப்பதுதான் ஆறுதல் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான், அதைப் போய் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அதை நம்புங்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு உடனே ஆசிரியர் வேலைக்குத் தாவாதீர்கள். அரசுப் பள்ளி என்றால் பி.எட்., அதன்பின் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கு மேல் நியமனத் தேர்வு. அதெல்லாம் இருக்கட்டும், படித்து எழுதிவிடலாம். வேலைக்குச் சேர்ந்தபின் நாள் எப்படிப் போகும்? பாடம் நடத்தும் நேரம் போக வருகைப் பதிவு, எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவது, விடைத்தாள் கட்டு, பெற்றோரின் சண்டை எல்லாம் உண்டு. ஆர்வத்தோடு வந்து பக்கத்தில் உட்காரும் நாலு பட்டதாரிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழியும் எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துவதும் ஒன்றல்ல. அது பிடித்துப்போகவும் செய்யலாம், நான் தடுக்கவில்லை. உங்கள் நிறுவனத்திலேயே பயிற்சிப் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்தீர்களா?

பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். வேலை பிடிக்கிறதா என்று கேட்காதீர்கள், நேற்று காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வரும், அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் வாரமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது.