எல்லா ஃபிட்டிங்கையும் மாற்ற வேண்டாம், ஃபிளஷ் டேங்கில் தொடங்குங்கள்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீடு கட்டி இருபது வருஷம் ஆகிறது. கீழே நாங்கள் நான்கு பேர், மாடியில் வாடகைக்கு மூன்று பேர். மொட்டைமாடியில் ஒரே ஒரு 1000 லிட்டர் டேங்க். இரண்டு பாத்ரூமிலும் வெஸ்டர்ன் டாய்லெட். காவிரித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்கிறோம், மற்றதுக்கெல்லாம் போர்தான். சித்திரை பிறந்தால் போரில் காற்றுதான் வருகிறது, லாரிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழாய், ஷவர், டாய்லெட் எல்லாவற்றையும் தண்ணீர் மிச்சப்படுத்தும் மாடலாக மாற்றிவிடலாம் என்கிறார் ப்ளம்பர். மாற்றினால் பலன் இருக்குமா?"

டாய்லெட்டில் இருக்கும், நிறையவே. குழாயில் கொஞ்சம். ஷவரில் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை அநேகமாக இல்லை.

சாமியில்லாத கோயில், ராசா இல்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். பாலாறுதான் 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியும், பெரும்பாலான மாதங்களில் மணலைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆகவே போரை நம்பியிருப்பவர்கள் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவோம்.

இருபது வருஷத்துக்கு முந்தைய ஃபிளஷ் டேங்க் என்றால் பெரும்பாலும் 10 லிட்டர் பிடிக்கும். ஒருவர் நாளைக்கு ஐந்து முறை போகிறார் என்று வைத்தால் 50 லிட்டர். ஏழு பேருக்கு 350 லிட்டர். டேங்க்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவறைக்கே போகிறது. 6 லிட்டர், 3 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள டேங்க்கானால், ஒரு முறை முழுசு, நான்கு முறை பாதி என்று ஒருவருக்கு 18 லிட்டர், ஏழு பேருக்கு 126. நாளொன்றுக்கு 224 லிட்டர் மிச்சம். இந்த அளவு மிச்சத்தை வேறு எந்த ஃபிட்டிங்கும் உங்களுக்குத் தராது.

ஆனால் டேங்க்கை மட்டும் மாற்றினால் போதுமா, க்ளோசெட்டையும் (உட்காரும் பீங்கான் கோப்பை) சேர்த்து மாற்ற வேண்டுமா என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய க்ளோசெட் 10 லிட்டர் வேகமாக வந்து விழும் என்று எண்ணிச் செய்தது. அதில் 6 லிட்டர் விட்டால் சில சமயம் முழுதாகப் போகாது. நீங்கள் இரண்டாவது தடவை அழுத்துவீர்கள், 12 லிட்டர் ஆகிவிடும்! வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி நாலைந்து உருண்டை போட்டு, பக்கெட்டில் 6 லிட்டர் அளந்து ஒரே மூச்சில் ஊற்றுங்கள். எல்லாம் போய்விட்டால் டேங்க்கை மட்டும் மாற்றலாம். தங்கினால், உள்ளே மிதவையை ஏற்றி இறக்கும் வசதியுள்ள டேங்க்காக வாங்கி, முழு ஃபிளஷை 8 லிட்டர் அளவில் நிறுத்துங்கள். சிறுநீருக்குப் பாதி ஃபிளஷ் பெரும்பாலும் போதும், மிச்சத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதானே வருகிறது.

க்ளோசெட்டையே மாற்றுவதாக முடிவு செய்தால், கழிவுக் குழாய் தரைக்குள் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா என்று பாருங்கள். முதலாவது எஸ் டிராப், இரண்டாவது பி டிராப். தரைக்குள் இறங்கினால் சுவரிலிருந்து துளையின் நடுப்புள்ளி வரை எத்தனை இஞ்ச் என்று அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். இதைப் பார்க்காமல் வாங்கிவந்தால் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

இப்போதைக்குச் செலவே வேண்டாம் என்றால், ஒரு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பி மூடி, மிதவையில் இடிக்காமல் பழைய டேங்க்குக்குள் வையுங்கள். ஒவ்வொரு ஃபிளஷுக்கும் ஒரு லிட்டர் குறையும். செங்கல் வைக்காதீர்கள், கரைந்து வால்வை அடைக்கும்.

ஷவருக்கு வருவோம். "நிமிடத்துக்கு 6 லிட்டர்தான்" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் அளந்தது. 3 பார் என்பது ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம், அதாவது சுமார் பத்து மாடி. உங்கள் டேங்க் மாடி ஷவருக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலேதான் இருக்கும், 0.2 அல்லது 0.3 பார். அழுத்தம் பத்தில் ஒரு பங்கானால் வரத்து மூன்றில் ஒரு பங்காகும். 6 லிட்டர் ஷவர் அங்கே 2 லிட்டர்தான் கொட்டும். தலையில் போட்ட சீயக்காய் போவதற்குள் குளிக்கிறவருக்குப் பொறுமை போய்விடும். அப்புறம் ப்ரெஷர் பம்ப் வைக்கச் சொல்வார்கள், மிச்சமெல்லாம் அதோடு போச்சு. பக்கெட்டில் குளித்தால் 20 லிட்டருக்குள் முடிகிறது. ஷவரைத் தொட வேண்டாம்.

வாஷ் பேசின் குழாய்க்கு ஏரேட்டர் (குழாய் வாயில் மாட்டும், தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் வலை) நல்லதுதான், கீழ் வீட்டில் மட்டும். அங்கே அழுத்தம் கூடுதல், தண்ணீரும் வேகமாக வரும். மாடிக்குத் தேவையில்லை. அதைவிட எளிது, பேசின் அடியில் தண்ணீரை அடைக்க இருக்கும் சின்ன வால்வான ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் மூடிவைப்பது. காசே ஆகாது. ஏரேட்டர் போட்டால் இன்னொன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு அதன் வலையிலும் படியும். மாதம் ஒருமுறை கழற்றி, எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துத் தேய்த்து மாட்டுங்கள். சென்சார் குழாய் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

அதே உப்பு ஃபிளஷ் டேங்க்கின் அடி வாஷரிலும் படிந்து, நூல் கணக்காகச் சத்தமில்லாமல் ஒழுக வைக்கும். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நாலு சொட்டு டேங்க்கில் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் பாருங்கள். க்ளோசெட்டில் நீலம் தெரிந்தால் வாஷரை மாற்ற வேண்டும். சொட்டுகிற குழாய்க்கு அடியில் பத்து நிமிடம் டம்ளரை வைத்து, சேர்ந்ததை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு கிடைக்கும். 150 மில்லி சேர்ந்திருந்தால் 21 லிட்டருக்கு மேல், ஒருவர் குளிக்கிற தண்ணீர். புது டேங்க் வாங்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள், மாடி வீட்டிலும் சேர்த்து. குடியிருப்பவர்கள் சொல்லத் தயங்குவார்கள், நீங்களே போய்க் கேட்பது நல்லது.

மோட்டார் போட்டுவிட்டு மறந்து, மொட்டைமாடியில் வழிகிற வழக்கம் இருந்தால் டேங்க் நிறைந்ததும் தானாக நிறுத்தும் கருவி ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டுங்கள். ஆர்ஓ மெஷின் இருந்தால், அது வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வீடு துடைக்கவும் டாய்லெட்டுக்கு ஊற்றவும் வைத்துக்கொள்ளலாம். செடிகளுக்கு வேண்டாம், நம் போர்த் தண்ணீரில் ஏற்கெனவே உள்ள உப்பு அதில் இன்னும் கூடியிருக்கும்.