மழை பெய்தால் டேங்க் லெவல் ஏன் ஏறுகிறது?

கேள்வி: மணலியில் ஒரு ஆலையில் கான்ட்ராக்டில் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன் சார். ஐப்பசி மழை பிடித்தால் ஒரு டேங்கின் லெவல் கண்ட்ரோல் ரூமில் தானாக ஏறிக் காட்டுகிறது, நாலு நாள் வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது. லெவலை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை மாற்றிவிடு என்கிறார் சூப்பர்வைசர். மாற்றலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள் தம்பி. வெயிலில் தானாகச் சரியாகிற கோளாறு என்றால் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான். அடுத்த மழையில் லெவல் ஏறும்போது டேங்க் பக்கம் போய் டிரான்ஸ்மிட்டரின் டிஸ்பிளேயைப் பாருங்கள், அதே நேரத்தில் கண்ட்ரோல் ரூமில் என்ன காட்டுகிறது என்று வாக்கி டாக்கியில் கேளுங்கள். இங்கே 50 சதவீதம், அங்கே 56 என்றால் டிரான்ஸ்மிட்டர் ஒழுங்காகத்தான் அளக்கிறது, வழியில்தான் கசிவு. லெவலைக் கரண்டாக அனுப்பும் 4–20 மில்லி ஆம்பியர் லூப்பில் 0 சதவீதத்துக்கு 4, 100 சதவீதத்துக்கு 20 என்பதால் 50 சதவீதத்துக்கு 12 ஓட வேண்டும். வழியில் வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கி பிளஸ், மைனஸ் டெர்மினல்களுக்கு நடுவே 1 மில்லி ஆம்பியர் கசிந்தால் கண்ட்ரோல் ரூம் கார்டு இரண்டையும் சேர்த்து 13 என்றே பார்க்கும், அதாவது 6.25 சதவீதம் கூடுதலாக. நம் பக்கம் கடல் காற்றின் உப்பு வேறு டெர்மினலில் படிந்திருக்கும், அதில் ஈரம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு இடத்திலும் ஒன்றாகவே ஏறினால் மட்டும் டிரான்ஸ்மிட்டரையும், டேங்கின் அழுத்தத்தை அதற்குக் கொண்டுவரும் சிறு குழாயான இம்பல்ஸ் லைனையும் பாருங்கள்.

பாக்ஸைத் திறக்கும் முன் பர்மிட் வாங்கிவிடுங்கள். அந்த லெவலைப் பார்த்து பம்பைத் தானாக நிறுத்தும் டிரிப் இண்டர்லாக் இருந்தால் முறைப்படி அனுமதி வாங்கி, அதைத் தற்காலிகமாக விலக்கி வைக்கும் பைபாஸ் போட்ட பிறகுதான் வயரில் கை வைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வயரைக் கழற்றினாலே கரண்ட் 0 ஆகி பம்ப் நின்றுவிடலாம். அப்புறம், மூடியைச் சுற்றி எம்சீல் பூசிவிட்டுப் போகிற பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, உள்ளே போன தண்ணீர் உள்ளேயே நிற்கும். கேபிள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும், நுழையும் முன் சற்றுத் தொங்கி வளையட்டும், காலி ஓட்டைக்கு பிளக் போடுங்கள், கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

கேள்வி: ஃபர்னஸ் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளுக்கு உரிய கேபிள் ஸ்டாக் இல்லாமல் சாதா காப்பர் வயர் போட்டோம். 40 டிகிரி வரை குறைத்துக் காட்டுகிறது. கண்ட்ரோலரில் அந்தக் குறைவைக் கூட்டிக்கொள்ள ஆஃப்செட் கொடுத்துச் சரிக்கட்டலாமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: வேண்டவே வேண்டாம். தெர்மோகப்பிள் ஹெட் (ஃபர்னஸுக்கு வெளியே வயர் சேரும் இடம்) 65 டிகிரி, கண்ட்ரோல் ரூம் 25 டிகிரி என்றால் அந்த 40 டிகிரியைக் காப்பர் வயர் விழுங்கிவிடும். ஹெட்டின் சூடோ பகலுக்கும் ராத்திரிக்கும் மாறிக்கொண்டே இருக்கும், எந்த ஆஃப்செட்டும் நிற்காது. அதைவிட முக்கியம், குறைவாகக் காட்டுவதால் கண்ட்ரோலர் இன்னும் எரிபொருளைத்தான் கூட்டும். தெர்மோகப்பிள் கே டைப் (ஒரு உலோக ஜோடி வகை) என்றால் கே டைப் கேபிள்தான், கடைசி வரை. மஞ்சள், சிவப்பு வயர் வந்தால் சிவப்புதான் மைனஸ், பழக்கத்தில் பிளஸ்ஸில் மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: சிக்னல் கேபிளில் வயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்யலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஒரு முனை போதும், கண்ட்ரோல் ரூம் பக்கம். இரண்டு முனையும் போட்டால் இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஷீல்டிலேயே கரண்ட் ஓடி சிக்னலைக் கெடுக்கும். ஃபீல்டு பக்கம் வெட்டி ஸ்லீவ் போட்டு விடுங்கள்.