துடிப்பு லேசரில் மட்டும் வளையக் கற்றையின் மையத்தில் ஏன் வெளிச்சம் தெரிகிறது?

800 நானோமீட்டர் அலைநீளத்துக்குச் சரிசெய்த திரவப் படிக க்யூ தட்டு (லேசர் கற்றையைச் சுருளாக முறுக்கி வளையமாக்கும் தட்டு) உங்களிடம் இருக்கிறது என்றும், தொடர் லேசரில் நடு இருண்ட வளையமாக வந்த கற்றை, 10 ஃபெம்டோ நொடித் துடிப்பைச் (ஃபெம்டோ நொடி என்பது நொடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு) செலுத்தியதும் நடுவில் வெளிறிவிட்டது என்றும் எடுத்துக்கொள்கிறேன். அலைன்மென்ட் சரியில்லை என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் வாரக்கணக்கில் அதையே சொன்னார். அந்த வருத்தம் தீராததால்தான் எழுதுகிறேன்.

இவ்வளவு குறுகிய துடிப்பின் நிறமாலை 90 நானோமீட்டருக்கும் மேல் அகன்றிருக்கும். வட்டத் தளவிளைவுள்ள ஒளியின், அதாவது மின்புலம் சுழன்றுகொண்டே செல்லும் ஒளியின், சுழல் திசையைத் தட்டு புரட்டும்போது அதன் மீது ஏறும் சுருள் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை மையத்தைச் சுற்றிப் படிப்படியாக மாறுவது), 1956இல் இயற்பியலாளர் பஞ்சரத்தினம் விளக்கிய வடிவியல் கட்டம். அது படிக அச்சின் திசையை மட்டுமே பொறுத்தது என்பதால் எல்லா நிறங்களுக்கும் ஒன்றே. ஆனால் எவ்வளவு ஒளி புரட்டப்படும் என்பது தட்டின் தாமதம் (ஒளியின் ஒரு கூறை மற்றதைவிடப் பின்தங்கவைக்கும் அளவு) அரை அலைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது, அது நிறத்துக்கு நிறம் மாறும். புரட்டப்படாமல் தப்பும் பங்கு சிறியதுதான். எனினும் அது சுற்றுப்பாதைக் கோண உந்தம் (சுருள் அலைமுகம் தரும் முறுக்கு) எதுவும் பெறாமல், வளையத்துக்கு ஒளியே இல்லாத மையத்தில் வந்து குவிகிறது.

கேமராவின் முன் குறுகிய பட்டை வடிகட்டிகளை ஒவ்வொன்றாக வைத்தபோது இதைக் கண்ணால் கண்டோம்: 800இல் மையம் கருமையாக இருந்தது, நிறமாலையின் இரு ஓரங்களிலும் நடுவே ஒரு புள்ளி பளிச்சிட்டது. தப்பிய ஒளி பழைய சுழல் திசையிலேயே இருப்பதால், அகன்ற பட்டைக்கான கால் அலைத் தட்டையும் (சுழலும் ஒளியை ஒரே தளத்தில் அதிரவைப்பது) தளவிளைவாக்கியையும் (ஒரு தளத்து ஒளியை மட்டும் விடுவது) அடுத்தடுத்து வைத்ததும் புள்ளி மறைந்தது.

100 ஃபெம்டோ நொடியில் தங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் மறுக்கக்கூடும். அங்கே அகலம் 9 நானோமீட்டர் அளவே என்பதால் அவர்கள் சொல்வதும் சரி. நான் பேசுவது மிகக் குறுகிய துடிப்புகளைப் பற்றி மட்டுமே. அவற்றில் இப்படிக் கண்ணாடித் தட்டுகளைக் கூட்டுவதற்கும் விலை உண்டு: உருகிய சிலிக்கா என்னும் கண்ணாடி 5 மில்லிமீட்டர் சேர்ந்தாலே 10 ஃபெம்டோ நொடி சுமார் 50 ஆக விரியும், எனவே ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு தாமதத்தில் திருப்பி அனுப்பும் சிர்ப் ஆடிகளால் அதை முன்கூட்டியே ஈடுசெய்யுங்கள்.

கருத்தரங்குகளில் வளையத்தின் படத்தை மட்டும் காட்டிவிட்டுக் கோண உந்தத்தைக் கட்டுப்படுத்திவிட்டதாகச் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. கேமரா எல்லா நிறங்களையும் கூட்டித்தான் காட்டுகிறது, சுருள் வலமா இடமா என்பதும் அதில் தெரியாது. அதற்குக் கோள அலைமுகமுள்ள குறிப்புக் கற்றையை அதன்மேல் விழச்செய்து குறுக்கீட்டு வரிகளை உண்டாக்கியாக வேண்டும். 10 ஃபெம்டோ நொடியில் ஒளி கடப்பது 3 மைக்ரோமீட்டரே என்பதால், இரு பாதைகளும் அந்த அளவுக்குள் பொருந்தினால்தான் சுருள் வரிகள் தெளிவாகத் தெரியும்.